ஆலைக் குளம் உறைந்தது

டாமரக் ஃபால்ஸ், வட ஒன்டாரியோ
3 நவம்பர் 1991

தம்பி கயெத்தானுக்கு,

உன் நலத்தைக் கடைசியில் கேட்கிறேன். முதலில் நடந்த அநியாயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஆலை எங்களை ஏமாற்றிவிட்டது. கழிவுநீரைச் சுத்தம் செய்யக் குளம் வேண்டும், புதிய காகித இயந்திரமும் வேண்டும் என்று சொல்லி எங்கள் பங்குப் பணத்தையும் உங்கள் நிறுவனத்தின் கடனையும் வாங்கினார்கள். குளம் வெட்டினார்கள். ஜூலையில் நாடா வெட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். செப்டம்பரில் இயந்திரம் ஓட ஆரம்பித்தது. ஆனால் அந்தக் குளத்துக்குள் ஆலையின் தண்ணீர் ஒரு சொட்டுகூடப் போகவில்லை. எல்லாம் பழைய குழாய் வழியாக ஆற்றில்தான் விழுகிறது. முன்பைவிட இரண்டு மடங்கு, சூடாக, நுரையோடு.

எப்படித் தெரியும் என்று கேட்பாய். போன வாரம் குளத்தில் பனிக்கட்டி ஏடு கட்டிவிட்டது. ஆலையிலிருந்து வரும் தண்ணீரில் கை வைக்க முடியாது. அது விழுகிற குளம் எப்படி உறையும்? ஆவி பறக்க வேண்டாமா? பிள்ளைகள் அதில் ஹாக்கி ஆட இப்போதே ஸ்கேட்டுகளைத் தீட்டுகிறார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறப்பதில்லை. எல்லோர் வீட்டிலும் பங்குப் பத்திரம் இருக்கிறது.

போன வருடம் மாதா கோவில் மண்டபத்தில் நின்று நீ சொன்னதை ஊர் மறக்கவில்லை. "முதல்ல குளம், அப்புறந்தான் மிஷின். கடன் கொடுக்குற நாங்களே அப்படித்தான் நிபந்தனை போட்டிருக்கோம். என் வார்த்தைய நம்புங்க." அல்தேயாவின் தம்பி சொல்கிறான் என்றுதான் பாதிப் பேர் பென்ஷனில் பிடித்தம் செய்துகொள்ள ஒப்புக்கொண்டார்கள். முதல் கையெழுத்து நான் போட்டது.

ஒரே கேள்வி. குளத்துக்குத் தண்ணீர் போகவில்லை என்று உனக்குத் தெரியுமா?

உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? மார்ஜரிக்கு என் அன்பு. எனக்கு ஒன்றுமில்லை. கோபமாக இருக்கும்போது என் உடம்புக்கு எதுவும் வருவதில்லை.

உன் அக்கா
அல்தேயா


டொரண்டோ
15 நவம்பர் 1991

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் மார்ஜரியும் சுகம். என் முதுகு பரவாயில்லை, வெகுநேரம் உட்கார்ந்தால்தான் தொல்லை. உன் முழங்கால்களை நினைத்துத்தான் எங்களுக்குக் கவலை. மார்ஜரி கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி பின்னியிருக்கிறாள். தனிப் பார்சலில் வருகிறது.

குளத்தைப் பற்றி எழுதியிருந்தாய். இப்படிப்பட்ட அமைப்புகள் முழுமையாக இயங்க ஆரம்பிக்கக் காலம் பிடிக்கும். எல்லாம் படிப்படியாகத்தான் நடக்கும். மேலாளர் ப்ரூயிட் பொறுப்பான மனிதர். காகித விலை இப்படி இறங்கியிருக்கும்போது ஆலை ஓடுவதே பெரிய விஷயம், அக்கா. ஒமெர் அத்தான் இருந்திருந்தால் இதைப் புரிந்துகொண்டிருப்பார்.

குளிருக்கு முன் கூரையைச் சரிபார்த்துக்கொள். உடம்பைக் கவனி.

அன்புத் தம்பி
கயெத்தான்


டாமரக் ஃபால்ஸ்
26 நவம்பர் 1991

தம்பிக்கு,

நலம். காலுறை வந்தது. மார்ஜரியிடம் நல்ல கதகதப்பு என்று சொல். பதில் வரவில்லை. அதை எந்தப் பார்சலில் வைத்தாய்?

என் கணவரை இதில் இழுக்காதே. முப்பது வருடம் அந்த ஆலையின் குளோரின் அறையில் மூச்சு விட்டவர். கடைசி இரண்டு வருடம் அந்த மூச்சையும் குழாயில் வாங்கினார். அவர் எதைப் புரிந்துகொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

ப்ரூயிட்டின் அலுவலகத்துக்குப் போனேன். ஒரு மணி நேரம் வாசலில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தேன்.

"குளத்துல எப்ப தண்ணி விடப்போறீங்க?" என்று கேட்டேன்.

"அது டெக்னிக்கல் விஷயம், மேடம்."

"தண்ணி போகுதா, போகலையா? இதுல என்ன டெக்னிக்கல்?"

அவன் சிரித்துக்கொண்டே எழுந்து கதவைத் திறந்துவிட்டான். "உங்க தம்பிகிட்டயே கேளுங்களேன். என்னைவிட அவருக்கு நல்லாத் தெரியும்."

வெளியே ரோலான் துபே நின்றிருந்தான். பங்கு வைத்திருக்கும் தொழிலாளர்களின் தலைவன். அவனுக்கு என் மேல் மரியாதை உண்டு, பயமும் உண்டு.

"அக்கா, பசங்களுக்கு விளையாட ஒரு இடம் கெடைச்சிருக்கு. எதுக்கு இதக் கிளறுறீங்க? ஆலைய மூடிட்டா உங்க பத்திரத்த அடுப்புலதான் போடணும்."

"அடுப்பெரிக்கவாவது ஆகும்ல. உன் ஆத்துத் தண்ணி எதுக்குடா ஆகும்?" என்றேன்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். ஆனால் உங்கள் கடன் ஒப்பந்தத்தை அகராதியை வைத்துக்கொண்டு முழுக்கப் படித்தேன். குளம் இயங்குகிறது என்று உங்கள் நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் சான்று கொடுத்த பிறகுதான் இயந்திரத்துக்குப் பணம் என்று அதில் இருக்கிறது. இயந்திரம் ஓடுகிறது. அப்படியானால் சான்று கொடுத்தது யார்?

முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. பதில் எழுது.

அல்தேயா


டாமரக் ஃபால்ஸ்
16 டிசம்பர் 1991

தம்பிக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்பு சரியில்லையோ என்று மார்ஜரிக்குப் போன் செய்தேன். நீ நன்றாகச் சாப்பிடுகிறாயாம், அலுவலகம் போகிறாயாம். சந்தோஷம்.

ஆறு உறைந்துவிட்டது. உறைந்தது போல் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். நேற்றும் இன்றும் நான் வண்டிகள் ஆற்றைக் கடக்கும் இடத்துக்குப் போய் வழக்கமான தடத்தில் துளை போட்டுப் பார்த்தேன். கரையோரம் நன்றாக இருக்கிறது. நடு ஆற்றில் ஒரு சாண்கூட இல்லை. கீழே ஓடும் தண்ணீர் துளை வழியாக ஆவி விடுகிறது. ஆலையின் குழாய் இரண்டு மைல் மேலே இருக்கிறது. அந்தச் சூடு இங்கே வரை வருகிறது.

இந்த வருடம் நான் கன்று நடப் போவதில்லை.

நீ பட்டணத்துக்குப் போய் முப்பது வருடம் ஆனாலும் இதை மறந்திருக்க மாட்டாய். பனிக்கட்டியில் இரண்டு வரிசை ஊசியிலைக் கன்றுகள் நின்றால் அது பாதை. நட்டவர்தான் முதல் வண்டியை ஓட்ட வேண்டும். தன் வீட்டு ஆள் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பனிக்கட்டி உடைந்தால் குதிக்க இரண்டு கதவையும் திறந்து வைத்துக்கொண்டு. அப்பா ஓட்டிய வருடங்களில் அந்த இடத்தில் உட்கார்ந்தவன் நீ. அவருக்குப் பிறகு ஒமெர் நட்டார், நான் உட்கார்ந்தேன். ஒமெர் போன பிறகு நான் நடுகிறேன், அக்கரையிலிருந்து அவர் தங்கை பெயாட்ரிஸ் வந்து உட்காருகிறாள்.

கன்று நட மாட்டேன் என்று சொல்ல அவளுக்குப் போன் செய்தேன்.

"விளையாடுறீங்களா அண்ணி? பாலத்துக்குச் சுத்திப் போனா அம்பது மைலு. எம் மவன் நார்மாண்ட் தெனமும் ஷிஃப்டுக்கு எப்படிப் போவான்?"

"சுத்திப் போகச் சொல்லு."

"ஆலைக்காரன் மேல இருக்குற கோவத்த எங்க மேல காட்டுறீங்க."

"பனிக்கட்டிக்குக் கோவம் தெரியாது பெயாட்ரிஸ். பாரம் மட்டுந்தான் தெரியும்."

அவள் போனை வைத்துவிட்டாள். பதினொரு குடும்பங்கள் அக்கரையில் இருக்கின்றன. எல்லோரும் என்னைத் திட்டுகிறார்கள். உன்னை ஒருவரும் திட்டவில்லை.

நன்றாக இரு. பதில் எழுது.

அல்தேயா


டொரண்டோ
23 டிசம்பர் 1991

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வருடக் கடைசி, வேலை அதிகம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பிப்ரவரி நடுவரை பொறுத்துக்கொள். அப்போது கடனின் இரண்டாம் தவணை வரும். அது வந்தவுடன் பம்புகளை வாங்கிவிடுவார்கள். ப்ரூயிட் எனக்கு உறுதி சொல்லியிருக்கிறார். அதுவரை சத்தம் போட்டால் எல்லாம் கெட்டுவிடும். ஆலை கெடும், ஊர் கெடும். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்ட வேண்டாம்.

கிறிஸ்துமஸுக்கு நீ மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுடுவாயே, அதன் பக்குவத்தை மார்ஜரி கேட்கிறாள். மசாலாவில் கிராம்பு எவ்வளவு?

அன்புத் தம்பி
கயெத்தான்


டாமரக் ஃபால்ஸ்
5 ஜனவரி 1992

தம்பிக்கு,

புது வருடம் பிறந்துவிட்டது. நீங்கள் இருவரும் சுகமாக இருங்கள். கிராம்பு ஒரு சிட்டிகை போதும்.

பம்புகளை வாங்குவார்கள் என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் இன்னும் வாங்கவில்லை. பம்பு இல்லாத குளத்துக்கு நாடா வெட்டினீர்கள். நவம்பரில் நான் கேட்ட கேள்விக்கு டிசம்பரில் பதில் வந்துவிட்டது, நீ சொல்லாமலேயே.

இங்கே நடந்ததைக் கேள். புத்தாண்டன்று பூசை முடிந்து வந்தால், ஆற்றில் கன்றுகள் நிற்கின்றன. என் தடத்தில், நான் விடுகிற அதே இடைவெளியில். ரோலானின் வேலை. ஷிஃப்டுக்கு ஆள் வரவில்லை என்று ப்ரூயிட் அவனை நெருக்கியிருக்கிறான்.

"முதல் வண்டிய ஓட்டினியா?" என்று கேட்டேன்.

"நடந்து பார்த்தேன். நல்லாத்தான் தாங்குச்சு."

"உன் பொண்டாட்டிய உட்கார வெச்சு ஓட்டினியான்னு கேட்டேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் ஆற்றில் இறங்கி, கரையோரம் என்னால் எட்டின கன்றுகளைப் பிடுங்கிப் போட்டேன். நடுவில் இருந்தவற்றுக்குப் போக எனக்குத் தைரியம் இல்லை. மறுநாள் பார்த்தால் பிடுங்கிய இடத்திலெல்லாம் புதுக் கன்று. மறுபடி பிடுங்கினேன். மறுபடி நட்டிருக்கிறான்.

அவன் கன்று நட்டுவிட்டுக் கடக்கவில்லை. உங்கள் சான்றில் கையெழுத்துப் போட்டவனும் இங்கே வந்து பார்க்கவில்லை. அவன் யார் என்று நான் இன்னும் எழுதவில்லை. நீ எழுத வேண்டும் என்று காத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அல்தேயா


டாமரக் ஃபால்ஸ்
20 ஜனவரி 1992

கயெத்தானுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் இருப்பாய் என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை ஷிஃப்டுக்கு வந்த நார்மாண்டின் வண்டி நடு ஆற்றில் உள்ளே போய்விட்டது. கதவு சாத்தியிருந்தது. ஜன்னலை உடைத்துக்கொண்டு வெளியே வந்து பனிக்கட்டியின் விளிம்பைப் பிடித்துத் தொங்கியிருக்கிறான். கரையிலிருந்து பார்த்த ரோலான் ஏணியை எடுத்துக்கொண்டு ஓடி, குப்புறப் படுத்து ஊர்ந்து போய் இழுத்தான். அதை மறைக்க மாட்டேன். உயிரைக் கொடுத்தது அவன்தான், வாங்கப் பார்த்ததும் அவன்தான்.

நார்மாண்ட் பிழைத்துக்கொண்டான். குளிர் தின்றது போக வலது கையில் கட்டை விரல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்தக் கையால்தான் உங்கள் புது இயந்திரத்தில் காகிதத்தை ஏற்றிக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெயாட்ரிஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன்தான் பேசினான்.

"கன்னு நின்னுச்சு அத்தை. நீங்க மனசு மாறிட்டீங்கன்னு நெனச்சேன். நீங்க நட்டா கடந்திருப்பீங்கல்ல, அதான் கதவச் சாத்திக்கிட்டுப் போனேன்."

இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. நீ எழுது. இந்த முறை உடல்நலம் விசாரிக்காதே, காலுறை அனுப்பாதே. சான்று கொடுத்தது யார்?

அல்தேயா


டொரண்டோ
31 ஜனவரி 1992

அக்கா,

நான்தான்.

ஆகஸ்டில் ப்ரூயிட் அனுப்பிய போட்டோவைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். குளத்தில் தண்ணீர் இருந்தது. அது மழைத் தண்ணீர் என்று எனக்குத் தெரியும். பம்புக்கான பணத்தை இயந்திரத்துக்குத் திருப்பாவிட்டால் இயந்திரம் வராது, இயந்திரம் வராவிட்டால் ஆலை வருடக் கடைசிக்குள் மூடிவிடும் என்றார். ஊரை வாழ வைக்கிறேன் என்று நினைத்துத்தான் செய்தேன். உன் பென்ஷனும் அதில் இருந்தது.

நார்மாண்டை நினைத்துத் தூக்கம் வருவதில்லை. மார்ஜரியிடம் இன்னும் சொல்லவில்லை.

பத்தாம் தேதி எங்கள் நிறுவனத்திலிருந்து ஆட்கள் அங்கே வருகிறார்கள். தவணைக்கு முன் பார்வையிட. நானும் வர வேண்டும். நீ என்ன செய்ய வேண்டுமென்று நினைக்கிறாயோ செய். தடுக்க மாட்டேன். என் பெயரை மட்டும் சொல்லாதே, அக்கா. ஓய்வு பெற இரண்டு வருடம்தான் இருக்கிறது.

முழங்காலைக் கவனித்துக்கொள்.

கயெத்தான்


டாமரக் ஃபால்ஸ்
14 பிப்ரவரி 1992

தம்பி கயெத்தானுக்கு,

பத்தாம் தேதி நீ வரவில்லை. முதுகுவலி என்று சொன்னார்கள். அதனால் இந்த முறை உன் முதுகைப் பற்றி நான் கேட்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். என் காட்டில் கன்றுகளை வெட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு, அன்று காலை ஆலை வேலியைச் சுற்றிக் குளத்துக்குப் போனேன். குளத்துப் பனிக்கட்டியில் துளை போட்டுப் பார்த்தேன். இரண்டு முழம். இந்த ஊரில் இந்த வருடம் நம்பக்கூடிய பனிக்கட்டி அது ஒன்றுதான். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை இரண்டு வரிசையாக நட்டேன். பிள்ளைகள் ஹாக்கியை நிறுத்திவிட்டு எனக்குத் துளை போட்டுக் கொடுத்தார்கள்.

பெயாட்ரிஸுக்கு முந்தின நாளே சொல்லி அனுப்பியிருந்தேன். ஐம்பது மைல் சுற்றிக்கொண்டு வந்தாள். என் வண்டியில் ஏறி உட்கார்ந்து, தன் பக்கக் கதவைத் திறந்து வைத்தாள்.

ப்ரூயிட் உங்கள் ஆட்களை வேலி ஓரமாகக் கூட்டி வந்தபோது நாங்கள் குளத்தின் நடுவில் இருந்தோம். எங்களுக்குப் பின்னால் அக்கரைக்காரர்களின் வண்டிகள், எல்லாம் கதவு திறந்தபடி. கடைசி வண்டி ரோலானுடையது. பக்கத்தில் அவன் மனைவி.

ப்ரூயிட் ஓடி வந்தான். "மேடம், இது ஆபத்து. எறங்குங்க, எறங்குங்க."

"என்ன ஆபத்து? நூறு டிகிரி தண்ணி மேலயா போறோம்?"

உங்கள் ஆட்களில் இளவயதுப் பெண் ஒருத்தி, பட்டணத்து ஷூவோடு பனிக்கட்டியில் இறங்கினாள். குதிகாலால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தாள்.

"இது எந்தக் குளம்?" என்றாள்.

ரோலான்தான் வண்டியிலிருந்தே சொன்னான். "நீங்க காசு கொடுத்த குளம்தாம்மா."

"ஆகஸ்ட்லேர்ந்து இயங்குதுன்னுல்ல எங்களுக்குச் சான்று வந்திருக்கு?" என்று சொல்லிவிட்டு அவள் உன் பெயரைச் சொன்னாள். இவரை யாருக்காவது தெரியுமா என்று கேட்டாள்.

ஊரே என்னைப் பார்த்தது. நீ கேட்டுக்கொண்டதும் எனக்கு நினைவிருந்தது.

"என் தம்பி" என்றேன்.

இரண்டாம் தவணை நின்றுவிட்டது. இயந்திரம் வாரத்துக்கு மூன்று நாள்தான் ஓடுகிறது. கடையில் என்னோடு யாரும் பேசுவதில்லை. நேற்று என் தபால் பெட்டியில் யாரோ காகிதக் கூழை நிரப்பி வைத்திருந்தார்கள். வழித்துப் போட்டேன். ஆலை மூடினால் குற்றம் என் தலையில்தான் விழும். விழட்டும். ஆனால் மூட வேண்டியதில்லை. செய்ய வேண்டியதை அவரவர் செய்தால் போதும். எல்லோருக்கும் தனித்தனியாக எழுதி அனுப்பிவிட்டேன். உனக்கும் தெரிந்திருக்கட்டும்.

உங்கள் நிறுவனம் கடனை ரத்து செய்யக் கூடாது. மீதிப் பணத்தை ஆலையின் கையில் கொடுக்காமல் பம்பு செய்கிறவர்களுக்கு நேராகக் கொடுக்க வேண்டும்.

ப்ரூயிட் பனி உருகுவதற்குள் அவற்றைப் பொருத்தித் தண்ணீரைக் குளத்துக்குத் திருப்ப வேண்டும். அதுவரை இயந்திரம் பாதி வேகத்துக்கு மேல் ஓடக் கூடாது.

ரோலான் ஆற்றில் மிச்சமிருக்கும் கன்றுகளைத் தன் கையால் பிடுங்க வேண்டும். பிறகு பங்குதாரர் கூட்டத்தைக் கூட்டி, நார்மாண்டுக்கு இடது கையால் செய்யக்கூடிய வேலையை, பழைய சம்பளத்தில், எழுத்தில் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

பாதிரியார் காகித விலை ஏறுவதற்காகப் பூசை வைப்பதை நிறுத்திவிட்டு, மாதம் ஒரு முறை ஆற்றுத் தண்ணீரின் சோதனை முடிவைப் பிரசங்கத்துக்கு முன் வாசிக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு அடுத்த வருடம் விளையாட இடம் இருக்காது. என் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் நிலத்தில் தண்ணீர் கட்டி உறைய வைத்துக் கொடுப்பது என் வேலை.

நீ முதலில் மார்ஜரியிடம் சொல்ல வேண்டும். பிறகு உன் அலுவலகத்தில், அவர்கள் கூப்பிட்டு விசாரிக்கும் முன் நீயாகப் போய், மழைத் தண்ணீர் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டேன் என்று சொல்ல வேண்டும். பிறகு இங்கே வந்து நார்மாண்டின் கையைப் பார்க்க வேண்டும்.

டிசம்பரில் குளம் ஆவி விட்டால், ஆறு தாங்கினால், நான் கன்று நடுவேன். பெயாட்ரிஸ் இனி உட்கார மாட்டாளாம். அது என் பிறந்த வீட்டு ஆள் உட்கார வேண்டிய இடம் என்று சொல்லிவிட்டாள். முதல் வண்டியில் என் பக்கத்தில் நீ உட்கார வேண்டும். கதவைச் சாத்தக் கூடாது.

உன் அக்கா
அல்தேயா